கொழும்புக்கு இருபத்தேழு முடிச்சு

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. வளர்த்து ஆளாக்கியது ஏழு பேர். நாலு நான் பெற்றது; மூன்று என் தங்கை செத்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. ஏழில் ஒன்றுகூடக் கருவாட்டு வேலைக்கு வரவில்லை, நான் விடவில்லை. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் படிப்பு இல்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மகன் வீட்டுப் பேத்தி நந்தினி எழுதுகிறாள்.

மண்டபத்தில் மீனைக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு களத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். எழுபத்துநாலில் சேர்ந்தேன், இந்த வருடம் நின்றேன். நின்ற மறுமாதமே ஆபீஸ் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கம்பெனி ஏதோ புத்தகம் போடுகிறதாம். அதில் என் அனுபவம் வர வேண்டுமாம். வந்தவர்களில் ஒருத்தி மடியில் கம்ப்யூட்டரை விரித்துக் காட்டினாள்.

"பாட்டி, இப்பல்லாம் நம்ம சரக்கு எங்கன போகுதுன்னு இதுலயே தெரிஞ்சிரும். இந்தா, கடலுக்கு நடுவுல இருக்குல்ல, இந்தப் புள்ளிதான் நம்ம கப்பல்."

"புள்ளி சரி. உள்ள இருக்க மீனு எப்படி இருக்குன்னு தெரியுமா?"

"அது எப்படிப் பாட்டி தெரியும்?"

"அப்ப அத மூடி வச்சுட்டுக் காப்பியக் குடி."

எந்த நாட்டுக்குச் சரக்கு சீக்கிரம் போய்ச் சேரும், எந்த நாட்டில் இழுத்தடிக்கும், அதை மட்டும் சொன்னால்கூடப் போதும் என்றார்கள். போதுமாம்! முப்பத்தைந்து வருடம் நான் பார்த்த வேலையே அதுதான். காயவைப்பது என்பது வேறு என்ன என்று நினைத்தார்களோ.

நான் கடற்கரைக்காரி இல்லை. கடலாடிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வேலை பார்த்தவள். மழை பொய்த்துப்போன ஒரு வருடம் வீட்டுக்காரரும் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தோம். முதல் வாரம் வாடை தாங்காமல் சோறு இறங்கவில்லை. களத்துப் பெண்கள் சிரித்தார்கள், "மொளகாக்காரி மூக்கப் பாரு" என்றார்கள். மிளகாயை வெயிலில் போட்டு, பனிக்கு மூடி, புரட்டி, வற்றல் கலகலவென்று சத்தம் போடும் வரை பார்த்துப் பழகியவளுக்கு மீன் காயவைப்பது ஒரு படிப்பா? மூன்று மாதம் ஆனது. நாலாவது மாதம் சிரித்தவர்கள் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் மீனை எடுத்தார்கள்.

அங்கே காயவைத்ததில் முக்கியமானது கட்டா. முழங்கை நீளம் இருக்கும், சதைப் பிடிப்பான மீன். முதுகுப் பக்கம் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, குடலும் செவுளும் எடுத்துக் கடல்தண்ணீரில் அலச வேண்டும். சிமெண்டுத் தொட்டியில் ஒரு வரிசை கல்லுப்பு, ஒரு வரிசை மீன் என்று அடுக்கி இரண்டு நாள் விட வேண்டும். எடுத்து, மேலே ஒட்டிய உப்பை அலசி, வெயிலில் உயரக் கட்டிய பரண்மேல் பரப்ப வேண்டும். இதுவரை எல்லாக் களத்திலும் ஒன்றுதான். எப்போது பரணைவிட்டு எடுக்கிறாய் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

நான் கட்டைவிரலை வைத்துத்தான் பார்ப்பேன். நடுமுதுகில் சதை கனமாக இருக்கும் இடத்தில் அழுத்துவேன். குழி விழுந்து, விரலை எடுத்ததும் எழும்பிவிட்டால் அது சிங்கப்பூர்ப் பதம். அந்த ஊர்க்காரர்களுக்குச் சதை மெத்தென்று இருந்தால் பிடிக்கும். சரக்கும் வேகமாகக் கைக்குப் போய்விடும். குழியே விழக்கூடாது, மரக்கட்டையை அழுத்துவதுபோல் இருக்க வேண்டும் என்றால் அது கொழும்புப் பதம். அதற்கு இன்னும் இரண்டு வெயில் வேண்டும். துபாய்க்கு இரண்டுக்கும் நடுவே. இந்தப் பெயர்களெல்லாம் நான் வைத்ததுதான். எந்த ஆபீஸிலும் எழுதி வைத்ததில்லை.

இரண்டு வெயில் கூடக் காய்ந்தால் மீன் எடை குறையும். அதனால் முதலாளிமார்களுக்கு ஈரமாக அனுப்பத்தான் கை பரபரக்கும். எங்கள் முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் பரபரக்கும். ஆனால் கையை மடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

தலைமுறை தலைமுறையாகக் கடல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. காலைத் தொழுகை முடிந்து நேரே களத்துக்கு வருவார். சத்தம் போட மாட்டார். பரணில் ஒரு மீனை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார், திரும்ப அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைப்பார். பிடிக்கவில்லை என்றால் புரட்டி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் திட்டு. புரட்டி வைத்த மீனைப் பார்த்து அன்று முழுக்க எங்களுக்குச் சோறு இறங்காது.

நான் சேர்ந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீன் சரியில்லை என்று எழுதியிருந்தார்களாம். கணக்குப்பிள்ளை படித்தார், எல்லோரும் கேட்டோம். எங்களில் யார் மீன், எந்த நாள் மீன், எப்போது கெட்டது என்று ஒன்றும் விளங்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கே விளங்காதபோது எனக்கு என்ன வழி? நான் ஒன்று செய்தேன். அடுத்த சரக்குப் போகும்போது அதே பரணிலிருந்து நாலு மீனை எடுத்தேன். மற்றதைப் போலவே பனையோலைப் பாயில் சுற்றிச் சின்னச் சிப்பமாகக் கட்டி, சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் உத்தரத்தில் தொங்கவிட்டேன். பக்கத்தில் ஒரு நார்க்கயிறு. மீன் உப்பைவிட்டு எழுந்த நாளிலிருந்து தினமும் ஒரு முடிச்சு. சரக்கு வாங்கினவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்ததும் முடிச்சை நிறுத்திவிட்டு, சிப்பத்தைப் பிரித்துப் பார்ப்பேன். போன மீனும் இருந்த மீனும் ஒரே தொட்டியில் கிடந்தவை. இங்கே இருந்தது எப்படியோ, அங்கே போனதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

சாட்சி மீன் என்று பெயர் வைத்தேன். கணக்குப்பிள்ளை சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஒருநாள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா முத்திருளாயி, அந்தச் செவப்புத் துணி கட்டுனது எந்த ஊரு?"

"கொழும்பு, முதலாளி. பச்ச சிங்கப்பூரு. வெள்ள துபாயி."

"கொழும்புக்கு எத்தனை முடிச்சு?"

"ஏழு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கணக்குப்பிள்ளை என்னிடம் வந்து முடிச்சு எண்ணி எழுதிக்கொண்டு போனார். சிரித்த வாய்தான் அதுவும்.

அப்போது கொழும்பு கிட்டத்தில் இருந்தது. ராமேஸ்வரத்தில் கப்பலில் ஏற்றினால் அன்றைக்கே தலைமன்னார். அங்கிருந்து ரயில். மூன்று வெயிலில் காய்ந்து, நாலாம் நாள் ஏறி, ஏழாம் நாள் கடையில் தொங்கும். பிறகு அந்தக் கரையில் சண்டை வந்தது, கப்பல் நின்றது. சரக்கு லாரியில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் கொழும்பு போனது. சிவப்புத் துணிக் கயிறு நீள ஆரம்பித்தது. பத்து, பதினைந்து, இருபது. கப்பல் போவது ஒரே ராத்திரிதான். கரையில் இறங்கிய பிறகு மீன் குந்தியிருக்கும். மாதிரி எடுக்க ஆள் வர வேண்டும், எடுத்த மாதிரி எங்கோ போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் லீவு வந்துவிடும். அந்தக் கரை ரேடியோவில் பாடுகிற பாட்டு எங்கள் களத்தில் கேட்கும். எங்கள் மீன் அங்கே போய்ச் சேர முக்கால் மாதம்.

சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு? அதற்குப் பதினாறு முடிச்சு, பதினேழு முடிச்சு. முப்பத்தைந்து வருடத்தில் பதினெட்டைத் தாண்டியதில்லை. கடலில்தான் நாள் போகும். கரையில் இறங்கியது தெரியாது, கடைக்குப் போயிருக்கும். அந்த ஊரைப் பெரிதாகப் புகழ்கிறார்கள். புகழ என்ன இருக்கிறது? வேலைக்கு வந்தவன் வேலையைப் பார்க்கிறான். மற்ற ஊர்களில் அதுகூட இல்லை என்பதால் அது அதிசயமாகத் தெரிகிறது. துபாய் சாதாரண மாதத்தில் இருபத்திரண்டு, நோன்பு மாதத்தில் ஐந்து கூடும். அதை நாங்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வோம்.

நம் நாட்டை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை முதலாளி சிங்கப்பூரிலிருந்து பிளாஸ்டிக் பையை ஒட்டும் இயந்திரம் ஒன்று வரவழைத்தார். நான் அதற்கும் ஒரு கயிறு போட்டேன். துணி இல்லை, என் பழைய சேலைக் கிழிசலைக் கட்டினேன். ஒரு நாள் முதலாளி வந்து கேட்டார்: "நம்ம ஊருக்கு எத்தனை முடிச்சும்மா?"

"கயிறு தீந்துபோச்சு முதலாளி. அடுத்த கயிறு போட்டிருக்கேன்."

இந்தக் கையெழுத்து, அந்த முத்திரை, லைசென்ஸ் என்று அலைந்து, கடைசியில் அது துருப்பிடித்து வந்தது. ஒருநாளும் ஓடவில்லை. அதன் பெட்டியில் களத்துக் கோழி மூன்று ஈடு குஞ்சு பொரித்தது. வெளிநாட்டிலிருந்து வந்ததில் அந்தப் பெட்டி ஒன்றுதான் எங்களுக்குப் பயன்பட்டது.

இனி அந்த மேனேஜர் கதை. முதலாளிக்கு முழங்கால் முடியாமல் போய், களத்துக்கு வருவது குறைந்தபோது மதுரையிலிருந்து ஒருவரை மேனேஜராகப் போட்டார். சந்திரசேகர் என்று பெயர். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மீனைத் தொட்ட கையை உடனே துடைப்பார், அவ்வளவுதான் அவரைப் பற்றி நான் சொல்லக்கூடியது.

வந்த மூன்றாம் மாதம் அவர் எனக்கு ஓர் அட்டை கொடுத்தார். கழுத்தில் மாட்டும் அட்டை. என் போட்டோ, கீழே என் பெயர், அதற்குக் கீழே 'தலைமைத் தரப் பரிசோதகர்' என்று அச்சடித்திருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். இனி ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் மீனை அழுத்திய விரலில் அவர் பேனாவைக் கொடுத்தார். நான் என் பெயரை எழுதினேன். வீட்டுக்குப் போகும் வழியில் அட்டையை முந்தானைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு போனேன். அதையும் எழுது நந்தினி. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுது.

அந்த வருடம் ஐப்பசி மழை முன்னதாகவே மிரட்டியது. கொழும்புக்கு ஒரு பெரிய சரக்கு. கட்டா பரணில் இரண்டாம் வெயிலில் கிடந்தது. மேனேஜர் ஒரு தாளோடு வந்து கிட்டங்கிச் சுவரில் ஒட்டினார். கட்டம் கட்டமாக, நாட்டுப் பெயரும் எண்ணும்.

"முத்திருளாயிம்மா, இங்க பாருங்க. நாடு வாரியாப் போட்டிருக்கான். வெளிநாட்டுச் சரக்கு ஒரு நாட்டுக்குள்ள வந்தா, வாங்குறவன் கைக்குப் போக எத்தனை நாளாகுதுன்னு."

"யாரு எண்ணுனது?"

"உலகம் பூரா ஆள் வச்சு எண்ணியிருக்காங்கம்மா."

"எந்த எடத்துல இருந்து எண்ணுனாக?"

"கப்பல் வந்து நின்னதுல இருந்து."

"மீனு அதுக்கு ரொம்ப முந்தியே செத்துப்போச்சே தம்பி."

பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. அந்தத் தாளில் கொழும்புக்குப் போட்டிருந்த நாளோடு நம் கப்பல் நாளைக் கூட்டினாலும் சிங்கப்பூரைவிடக் குறைவுதான் என்றார். சிங்கப்பூர்ப் பதமே போதும், மழைக்கு முன்னால் இன்று மாலையே சிப்பம் கட்டிவிடலாம் என்றார்.

"தம்பி, அந்தத் தாளு எல்லாச் சரக்குக்கும் போட்டது. இரும்புக்கும் அதே நாளு, துணிக்கும் அதே நாளு. மீனுக்கு மாதிரி எடுக்கணும். என் கயித்துல இருவதுக்கு மேல நிக்கிது."

"அம்மா, நீங்க சாதாரணக் களத்து ஆளா? தலைமைத் தரப் பரிசோதகர். உலகத்துல எல்லாரும் ஒத்துக்கிட்ட தாள இன்னும் கயித்த வச்சு மறுத்துப் பேசலாமா? நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

என் கழுத்தில் அட்டை தொங்கியது. நான் பரணுக்குப் போனேன். ஒரு மீனை அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பியது. இன்னொன்று. குழி விழுந்தது, எழும்பியது. ஈரம் உள்ளே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. இதற்கு முன்னால் முதலாளி முகத்துக்கு நேராகவே மாட்டேன் என்று சொன்னவள் நான். அன்று திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.

சாட்சி மீன் நாலை எடுத்து வழக்கம்போல நானே கட்டித் தொங்கவிட்டேன். அந்தக் கயிற்றைப் பார்க்காமலே தினமும் முடிச்சுப் போட்டேன்.

சிப்பம் கட்டியவள் ராணி. மண்டபம் அகதி முகாமில் இருந்தவள், மன்னார்ப் பக்கத்துப் பெண். புருஷன் அந்தக் கரையிலேயே போய்விட்டான். மகள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். முகாமில் கொடுப்பது வயிற்றுக்கு. மகளின் படிப்புக்கு ராணி எங்கள் களத்தைத்தான் நம்பியிருந்தாள். கொழும்புச் சரக்கு என்றால் சிப்பத்தைத் தட்டிக்கொடுத்துச் சொல்வாள்: "போய்ட்டு வா. என்னால ஏலாது, நீயாவது போ." அவள் கட்டிய கட்டு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

பத்து முடிச்சு, பதினைந்து, இருபது. தகவல் இல்லை. சுகாதாரச் சான்று என்று சரக்கோடு போக வேண்டிய ஒரு தாள் போகவில்லை, பிறகுதான் தபாலில் போனது என்று பின்னால் தெரிந்தது. மேனேஜரின் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அனுப்ப வேண்டிய தாள் மேஜையில் கிடந்தது. இருபத்தேழாம் முடிச்சுக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. மீனெல்லாம் சிவப்புப் பூத்துவிட்டது. உப்புமீன் உள்ளீரத்தோடு புழுங்கினால் மேலே ரோஸ் பொடி தூவினதுபோல் வரும். அதைச் சிவப்பு என்போம். சிவந்த மீனை மனுஷன் வாங்க மாட்டான். மொத்தத்தையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

மேனேஜர் எங்கள் இருபத்திரண்டு பேரையும் களத்தில் நிறுத்தினார்.

"பதம் சரி. கையெழுத்து இருக்கு. அப்ப எங்க தப்பு? கட்டுனதுல. ஈரப் பாய்ல கட்டியிருக்கு. யாரு கட்டுனது?"

"நான்தான் ஐயா," என்றாள் ராணி. "காஞ்ச பாயிலதான் கட்டினனான். வடிவாப் பாத்துத்தான் கட்டினனான்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். நான் கீழே கிடந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் அட்டையோடு ஒரு நாள் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. மாலையில் அவள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனதைப் பார்த்தேன். அப்போதும் கூப்பிடவில்லை.

கப்பல்காரனை, மேனேஜரை, தாள் போட்டவனை, எத்தனையோ பேரை நான் ஏசியிருக்கிறேன். அன்றைக்கு என்னைவிட மட்டமான ஆள் அந்தக் கடற்கரையில் கிடையாது.

மறுநாள் காலை முதலாளி வருவதாகச் சொல்லியிருந்தார்கள், சேதத்தைப் பார்ப்பதற்கு. நான் விடிந்ததும் முகாமுக்குப் போய் வாசலில் நின்று ராணியைக் கூப்பிட்டனுப்பினேன்.

"வா புள்ள, வேலைக்கு."

"வர வேண்டாம் எண்டு சொன்னவர்."

"நான் வரச் சொல்றேன். வா."

களத்தில் முதலாளி நாற்காலியில், தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். நான் கிட்டங்கிக்குள் போய் ஏணி போட்டு, சிவப்புத் துணிக் கயிற்றையும் சாட்சிச் சிப்பத்தையும் இறக்கிக்கொண்டு வந்து முதலாளி காலடியில் வைத்தேன். நான் பிரித்தேன். நாலு மீனும் சிவந்திருந்தன.

"இது ராணி கட்டுனது இல்ல முதலாளி. நான் கட்டுனது. காஞ்ச பாயி. இந்தக் கிட்டங்கிய விட்டு எங்கயும் போகல. மழத்தண்ணி படல. இதுவும் செவந்துருச்சு."

மேனேஜர் குனிந்து பார்த்தார். "அப்ப பதம்தான் தப்பா? நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். அழுத்திப் பாத்தேன், குழி விழுந்துச்சு. கொழும்புக்கு ஆகாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

செவத்தம்மா என்று எனக்கு ஆகாத ஒருத்தி உண்டு. எதற்கும் ஒரு குத்தல் வைத்திருப்பாள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு பரண் பக்கம் போய்விட்டாள்.

முதலாளி ஒரு மீனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "எத்தனை முடிச்சு?"

"இருபத்தேழு."

"நீ எத்தனைக்குக் காயவச்ச?"

"பதினெட்டுக்கு."

அவர் மீனைப் புரட்டிக் கீழே வைத்தார். பிறகு மேனேஜரிடம், "அந்தப் புள்ள வேலை பாக்கட்டும். தபால்ல போன தாளு எந்தத் தேதி போச்சுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார். மேனேஜர் பேனாவைத் தடவினார். எழுந்திருக்கும்போது முதலாளி என்னைப் பார்த்தார்.

"முத்திருளாயி, இத்தனை வருஷமா நான் ஒன்னைய நம்புனேன்னு நெனச்சியா? ஒன் கயித்த நம்புனேம்மா. இனியும் கயித்தத்தான் நம்புவேன்."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஆனால் அவர் சொன்னது சரி.

அட்டையைக் கழற்றி அந்தச் சிவப்புத் துணிக் கயிற்றிலேயே கட்டி, மறுபடியும் உத்தரத்தில் தொங்கவிட்டேன். நான் வேலையை விட்டு நின்ற நாள்வரை அங்கேயே தொங்கியது. மேனேஜர் ஒரு வருடம் இருந்துவிட்டுப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் சுவரில் ஒட்டிய தாளைக் கிழிக்க வந்தார்கள். நான்தான் இருக்கட்டும் என்றேன். அதில் நம் நாட்டுக்கு ஒரு எண் போட்டிருந்தது. ஒட்டும் இயந்திரத்துக்குப் போட்ட இரண்டு கயிற்றையும் அதற்குக் கீழே ஆணியடித்துத் தொங்கவிட்டேன். ஆபீஸ் பிள்ளைகள் வந்து போட்டோ எடுத்தார்கள். என்ன விளங்கியதோ அவர்களுக்கு.

ராணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"அக்கா, நீங்க நேற்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். "நேற்று ராத்திரி மகளிட்ட, இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவள் அழேல்ல. சரி எண்டுதான் சொன்னவள்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சாப்பிட்டாள். அவள் மகள் மறுநாள் பள்ளிக்கூடம் போனாள், படித்து முடித்தாள். ஆனால் அந்த ஒரு ராத்திரியை எந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்ணுவது? அதற்குப் பிறகும் மூன்று வருடம் ராணி என்கூட வேலை பார்த்தாள். பாயை என் கையில் கொடுத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு சிப்பத்தையும் கட்டினாள். ஒருநாள்கூட விட்டதில்லை.

ஆபீஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிங்கப்பூர் பதினாறு, துபாய் இருபத்திரண்டு, கொழும்பு இருபதுக்கு மேல், நம்ம ஊருக்குக் கயிறு போதாது. வேண்டுமானால் உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் நாட்களை எங்கிருந்து எண்ணுகிறீர்கள், எதுவரை எண்ணுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் முழிக்காதீர்கள். உப்பைவிட்டு எழுந்த நாளிலிருந்து எண்ணுங்கள். வாங்கினவன் விரல் கட்டை அவிழ்க்கும்வரை எண்ணுங்கள். நடுவில் யார் என்ன அட்டை கொடுத்தாலும் வாங்கிப் பையில் வையுங்கள், கழுத்தில் மாட்டாதீர்கள்.

நந்தினி, போதும், பேனாவை மூடு. எட்டு நாளாக நான் சொல்லிக்கொண்டு வருகிறேன். நாளுக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன், இந்தா என் மடியில் இருக்கிறது. ஆறாம் நாள் நான் கையெழுத்துப் போட்ட இடம் வந்தபோது, "அப்பத்தா, இத விட்டுருவோமா, புத்தகத்துல வந்து ஊரே படிக்குமே"ன்னு கேட்டவ நீதானே. நல்ல மனசுதான், வேண்டாம். இப்ப முதலிலிருந்து திரும்பப் படி. மெதுவாகப் படி. ஒவ்வொரு நாள் சொன்னது முடியும்போதும் நான் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டே வருவேன். ஆறாம் முடிச்சை விட்டுவிட்டுத் தாண்டினாயென்றால் என் விரலுக்குத் தெரிந்துவிடும்.